62 வயதில் சேலை கட்டுவதை நிறுத்த வேண்டுமா?

வயதுக்காக மட்டும் நிறுத்த வேண்டாம். ஆணான நான் ஆசையாகச் சேலை கட்டி வந்தேன், இப்போது கண்ணாடியைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது, சேலைகளை எரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எரிக்காதீர்கள். ஆசை பெரும்பாலும் திரும்பி வரும், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். பெட்டியில் பூட்டி வையுங்கள், போதும்.

30 வயதுக்கான அலங்காரத்தையே இன்றும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கனமான ஃபவுண்டேஷன் சுருக்கங்களில் படிந்து அவற்றை எடுத்துக்காட்டும். பழைய ஜாக்கெட் இறுக்கும். உங்கள் வயதுப் பெண்களைக் கவனியுங்கள்: மெல்லிய சுங்குடிச் சேலை, முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட், நரையோடு ஒரு கொண்டை. எவ்வளவு அழகாக இருக்கிறார்கள்! நீங்கள் வைக்கும் பொய்முடியும் (விக்) நரை கலந்ததாக இருக்கட்டும். ஹீல்ஸ் மட்டும் வேண்டாம், மூட்டு தாங்காது.

ஒரு மாலை கண்ணாடியும் கேமராவும் இல்லாமல் சேலை கட்டி, வழக்கமான வீட்டு வேலையைப் பாருங்கள். மனம் அமைதியானால் ஆசை போகவில்லை, பிரச்சினை கண்ணாடியில்தான். ஒன்றுமே தோன்றாவிட்டால் சில மாதம் விட்டு வையுங்கள், அதிலும் தப்பில்லை.

இது நோயோ என்று பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் ஆண் பெண்ணுடை உடுத்துவது போன்ற மாற்று உடைப் பழக்கம் இல்லை.

ஆனால் சாப்பாடு, தூக்கம், பேரப்பிள்ளைகள் என எதிலுமே இரண்டு வாரமாக ஈடுபாடு இல்லையென்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.