முதல் பொலிஷ் மெஷின்: எத வாங்கிற?

கேள்வி: அண்ணன், என்னட்ட கறுப்பு டொயோட்டா அக்ஸியோ ஒண்டு இருக்கு, வெயில்ல பார்த்தா பொனட் முழுக்க வட்ட வட்டமா மெல்லிசா கீறல். நானே பொலிஷ் பண்ணுவம் எண்டு கடையில விசாரிச்சா ரோட்டரி மெஷின் ஒண்ட காட்டுறாங்க, விலையும் குறைவு. வீட்ட கிரைண்டர் கிடக்கு, அதுக்கே ஒரு பேட்ட, அதான் அந்த பொலிஷ் போடுற பஞ்சு வட்டத்த, மாட்டினா சரி எண்டு மச்சான் சொல்றான். எத எடுக்கிற?
- களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: தம்பி, அந்த கிரைண்டர மட்டும் கார்ப்பக்கம் கொண்டு போயிராதீங்க. சின்ன கிரைண்டர் ஒண்டு நிமிசத்துக்கு 11,000 சுத்து கிட்ட சுத்தும், ரோட்டரியில கை பழகின பாஸ்மாரே பெயின்ட்ல 1,000க்கும் 2,000க்கும் இடையிலதான் ஓட்டுவாங்க, அப்ப யோசிச்சுப் பாருங்க.

பொலிஷ் எண்டா கீறல நிரப்பிற வேலை எண்டுதான் கன பேர் நினைக்கிற. அப்படி இல்ல. கலருக்கு மேல அடிச்சிருக்கிற நிறமில்லாத பெயின்ட் படைதான் கிளியர் கோட், கீறலச் சுத்தியிருக்கிற அந்தப் படைய மெல்லிசா வெட்டி, கீறல்ட அடிமட்டத்துக்குக் கொண்டு வாற வேலை அது. அந்தக் கிளியர் கோட் புதுக் கார்லயே சாதாரணமா 40, 50 மைக்ரோன்தான், தலைமயிர விட மெல்லிசு, வெட்டினது திரும்பி வராது. அதோட இலங்கையில 2020ல கார் இறக்குமதிய நிப்பாட்டி 2025ல தானே திரும்ப விட்டாங்க, அதால நம்மட பக்கம் ஓடுற கார் கனக்க பழசு, எத்தின கை மாறி எத்தின டிங்கரிங் கராஜ்ல ஏற்கெனவே கொம்பவுண்ட் எண்ட கடும் பொலிஷப் போட்டு உரஞ்சினதோ ஆருக்குத் தெரியும், உங்கட பொனட்ல மிச்சம் எவ்வளவு இருக்கெண்டு கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது.

அதனாலதான் நான் அடிச்சுச் சொல்றன், முதல் மெஷின் டூவல் அக்‌ஷனாத்தான் இருக்க வேணும், டீஏ எண்டு கேட்டா கடையில விளங்கும். ரோட்டரி ஒரே அச்சில சுத்தும், ஒரு இடத்தில கொஞ்சம் நிண்டாலே சூடு ஏறி பெயின்ட் போயிரும், ஓரத்திலயும் பிளாஸ்டிக் பம்பர்லயும் இன்னும் கெதியா போகும், போகாட்டியும் கறுப்புக் கார்ல வெயிலுக்கு ஹொலோகிராம் மாதிரி கோடு கோடா தெரியும். டீஏயில பேட் சுத்திக்கொண்டே ஆடும், நீங்க கூட அமத்தினா சுத்திறது நிண்டு ஆட்டம் மட்டும்தான் இருக்கும், அந்தக் குணம்தான் புதுசா பழகிற ஆளக் காப்பாத்திற. ரோட்டரி கூடாத மெஷின் இல்ல, புதுசா பெயின்ட் அடிச்சு மண்தாள் போட்டதுக்குப் பிறகு அதுதான் வேணும், ஆனா அது உங்கட வேலை இல்ல.

கேள்வி: மெஷின்ல 8, 15, 21 எண்டு போட்டிருக்கே, பெரிய நம்பர் எடுத்தா நல்லமா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: அது பேட் எத்தின மில்லிமீட்டர் அகலத்துக்கு ஆடுதெண்டுற கணக்கு. பெருசு எண்டா தட்டையான இடத்தில வேலை கெதியா முடியும், வேன், பஜெரோ மாதிரி வண்டிக்கு 21 நல்லாத்தான் இருக்கும், ஆனா வளைவு வந்த உடன பேட் சுத்தாம நிண்டிரும். அக்ஸியோ அளவுக் காருக்கு 15, பேட் ஒட்டுற பிளேட் அஞ்சு இஞ்சி. வேகன் ஆர், அல்டோ மாதிரி சின்னப் பெனல் எண்டா 8 போதும், விலையும் குறைவு, கையும் நோகாது. பிளேட்ட விளிம்பில மார்க்கரால ஒரு கோடு போட்டு வைங்க, ஓடக்குள்ள அந்தக் கோடு சுத்திறது தெரிஞ்சா பேட் வேலை செய்யுது, தெரியாட்டி கைய லேசாக்குங்க.

கேள்வி: அமெரிக்காவில இருக்கிற சொந்தக்காரர் போர்ட்டர் கேபிள் எண்ட பிராண்ட் பொலிஷ் மெஷின் அனுப்புறன் எண்டு சொல்றார், வீடியோவில எல்லாரும் அதத்தான் புகழுறாங்க, வாங்கட்டா?
- கல்முனை வாசகி

பதில்: மெஷின் நல்லது தங்கச்சி, ஆனா அது 120 வோல்ட். நம்மட கறண்ட் 230, நேர கொழுவினா மோட்டர் எரிஞ்சிரும், அதுக்கெண்டு ட்ரான்ஸ்போமர் வாங்கித் தூக்கித் திரியிற காசுக்கு இங்கயே ஒண்டு எடுக்கலாம். எங்க வாங்கினாலும் 220-240 எண்டு போட்டிருக்கா எண்டு பாருங்க.

கேள்வி: நல்ல பிராண்ட் மெஷின் வாங்கினா பேட், பொலிஷுக்குக் காசு மிஞ்சாது. என்ன செய்யலாம்?
- வாழைச்சேனை வாசகர்

பதில்: ரூபெஸ் மாதிரி இத்தாலி மெஷின் கையில பிடிச்சா அந்தச் சுகம் வேறதான், மறுக்கல்ல. ஆனா பெயின்ட்ட வெட்டுறது மெஷின் இல்ல, பேட்டும் பொலிஷும்தான். நடுத்தர விலையில மெஷின எடுத்து, மிச்சக் காசுக்கு ஃபோம் பேட் அஞ்சாறாவது வாங்குங்க, ஒரே பேட்டால முழுக் காரையும் செய்ய வெளிக்கிட்டா பேட் சூடாகி, வெட்டின பெயின்ட் அடைச்சு, கடைசியில அதுவே கீறும். முதல்ல கடுமை குறைஞ்ச பொலிஷும் மெத்தெண்ட பேட்டும் வெச்சு ஒண்டரை அடி சதுரத்தில மட்டும் செய்து, துடைச்சு, டோர்ச் அடிச்சுப் பாருங்க, கீறல் போயிருந்தா அதுக்கு மேல கடுமையானதத் தொடத் தேவையே இல்ல. டொயோட்டாட 202 எண்ட கலர் நம்பர் கறுப்பு, கெதியா கீறல் விழுற மெதுமையான பெயின்ட் எண்டு பெயர் எடுத்தது, களுவாஞ்சிக்குடித் தம்பியும் இதக் கவனிக்க வேணும்.

இன்னொண்டு, கச்சான் காத்து அடிக்கிற காலத்தில வெளியில நிண்டு செய்யாதீங்க. பொலிஷ் பேட்டிலயே காஞ்சிரும், மண் துகள் வந்து பேட்டுக்குள்ள ஒட்டினா நீங்களே கார உரஞ்சின மாதிரித்தான். விடிய வெள்ளனயோ பின்னேரமோ, நிழலுக்குள்ள, பொனட் தொட்டா குளிரா இருக்கக்குள்ள தொடங்குங்க.

கேள்வி: நகம் மாட்டுற ஆழத்துக்கு ஒரு கீறல் இருக்கு, டீஏ போட்டா போகுமா? பொலிஷ் பண்ணினா எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?
- காத்தான்குடி வாசகர்

பதில்: நகம் மாட்டினா அது பெரும்பாலும் பொலிஷால போற கீறல் இல்ல, போகுமட்டும் வெட்டினா கிளியர் கோட்டே முடிஞ்சிரும், விட்டிருங்க, இல்லாட்டி டச்-அப் பெயின்ட் வெச்சு சமாளிங்க. எவ்வளவு காலம் நிக்கும் எண்டுறது நீங்க கழுவுற விதத்தில இருக்கு. கடற்கரைப் பக்கம் மணலும் உப்பும் படிஞ்ச கார, முதல்ல நல்லா தண்ணி அடிச்சு மண்ணக் களட்டாம துணியப் போட்டு உரஞ்சினா அந்த வட்டக் கீறல் ஒரே மாசத்தில திரும்பி வந்திரும். ரெண்டு வாளி, ஒண்டில ஷாம்பு, மத்ததில துணிய அலசத் தண்ணி, மைக்ரோஃபைபர் துணி. கிணத்துத் தண்ணியெண்டா வெயில்ல காய விடாதீங்க, உடன துடைங்க, அந்த வெள்ளைப் புள்ளி பிடிச்சா களட்டுறது பெரிய பாடு.