எந்த வேலைக்கு எந்த நிற டார்ச்? கேள்வி பதில்

கேள்வி: வானம் பார்க்கும்போது சிவப்பு டார்ச்தான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் அணைத்த பிறகு வெகுநேரம் மங்கலான நட்சத்திரங்கள் தெரிவதில்லை. ஏன்?

பதில்: வெளிச்சம் அதிகம். இருட்டில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள நீலப்பச்சைக்குத்தான் அவை அதிகம் கூசும், 620-ஐத் தாண்டிய சிவப்புக்கு மிகக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்றல்ல. பளீரென்ற சிவப்பை வெள்ளைத் தாளில் அடித்துப் படித்தால் இருட்டுப் பார்வை போய்விடும். அது முழுதாகத் திரும்ப 20 முதல் 30 நிமிடம் ஆகும். எழுத்து மட்டுமட்டாகத் தெரிகிற அளவே போதும், ஒரு லூமனுக்கும் (டார்ச் வெளிச்சத்தின் அளவு) கீழே. குறைக்கும் வசதி இல்லாத டார்ச் என்றால், ஊசித்துளை போட்ட அட்டையை முகப்பில் ஒட்டுங்கள். இன்னொன்று: வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும் என்ற பட்டன் வைத்த டார்ச் இதற்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடி வெள்ளை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கேள்வி: வெள்ளை டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதாதா?

பதில்: சமாளிக்கலாம். வெள்ளை எல்இடி என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு. அதில் சிவப்பு குறைவு, நீலம் தாராளம். மெல்லிய தாள் ஒற்றை அடுக்கில் நீலத்தையும் பச்சையையும் கசிய விடும். சோதிக்க எளிய வழி: பழைய சிடியின் பளபளக்கும் பக்கத்தில் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். சிவப்பின் பக்கத்தில் பச்சைக் கீற்று தெரிந்தால் இன்னொரு அடுக்கு சேர்க்க வேண்டும். டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள், தாள் உருகி முகப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தில் சில கோடுகளே காணவில்லை!

பதில்: காணாமல்தான் போகும். வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் சிவப்பை ஒரே அளவில் திருப்பி அனுப்புகின்றன, கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ஆரஞ்சும் பழுப்பும்கூட வெளிறும், நீல ஆறு மட்டும் கறுப்பாக நிற்கும். மங்கலான பச்சை வைத்துப் பாருங்கள். நம் கண் பச்சையைத்தான் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் மிகக் குறைந்த வெளிச்சமே போதும்.

இதே காரணத்தால் வயர் இணைப்பைச் சிவப்பு வெளிச்சத்தில் தொடவே கூடாது, சிவப்பு வயரும் வெள்ளை வயரும் ஒன்றுபோல் இருக்கும். முதலுதவியிலும் அப்படித்தான்: தோலின் மேல் வழியும் ரத்தம் சிவப்பில் கண்ணுக்குப் படாது. இரண்டுக்கும் வெள்ளைதான். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ளதாக இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.

கேள்வி: நீல வெளிச்சத்தில் ரத்தம் ஒளிருமா?

பதில்: ஒளிராது. ரத்தம் நீலத்தை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். வெளிர் தரையில் அது உதவும். ஈரமான கரிய இலைகளின் மேல் எல்லாமே கறுப்புதான், அங்கே நல்ல வெள்ளை வெளிச்சமே மேல்.

கேள்வி: புற ஊதா டார்ச்சில் 365, 395 நானோமீட்டர் என்று இரண்டு வருகிறதே, எதை வாங்க?

பதில்: தேள் தேட மட்டும் என்றால் 395 போதும், நீலப்பச்சையாக மின்னும். சட்டை உரித்த புதிதில் தேள் மின்னாது என்பதால் "ஒன்றுமில்லை" என்று நம்பிக் கையை உள்ளே விட வேண்டாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் 365, அதுவும் முகப்பில் கறுப்பு ஃபில்டர் கண்ணாடி வைத்தது. 395-இல் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறையக் கலந்து வரும், மெல்லிய மினுக்கம் அதில் அமுங்கிப்போகும். பூனை மூத்திரக் கறை மெல்லிய மினுக்கம்தான். கறை தேடும்போது அறையை நன்றாக இருட்டாக்குங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிடுவது பெரும்பாலும் சோப்புத்தூளின் மிச்சம், கறையின் நிறம் மங்கிய மஞ்சள். மோந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண்மணி சுருங்காது, உள்ளே போவதும் தெரியாது. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி புற ஊதாவைத் தடுக்கும். போடும் முன் சோதியுங்கள்: டார்ச்சுக்கும் வெள்ளை அச்சுத்தாளுக்கும் நடுவே கண்ணாடியைப் பிடித்தால், அதன் நிழல் விழும் இடத்தில் தாளின் நீல மினுக்கம் அணைய வேண்டும்.

கேள்வி: மூடுபனிக்கு மஞ்சள்தானே?

பதில்: நிறத்தைவிடப் பிடிக்கும் இடம் முக்கியம். பனித்துளிகள் ஒளியலையைவிடப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். நெற்றி விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்துத் தரையை நோக்கி அடியுங்கள். முகத்துக்கு முன்னால் எழும் வெள்ளைச் சுவர் பெருமளவு மறையும்.

கேள்வி: பூச்சிகள் முகத்தில் மொய்க்கின்றன.

பதில்: ஆம்பர் (செம்மஞ்சள்) அல்லது சிவப்புக்கு மாறுங்கள். பூச்சிகளை அதிகம் இழுப்பவை புற ஊதாவும் நீலமும்.

கேள்வி: இரவில் படகில் பச்சை டார்ச் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: படகுக்கு வெளியே தெரியும்படி வேண்டாம். படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எதிரே வருபவர் அதைப் பார்த்துத்தான் நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்று கணிப்பார். உள்ளே வேலை என்றால் மங்கலான வெளிச்சத்தைத் தாழ்த்திப் பிடியுங்கள்.