அரசாங்கப் பதிவுகளைப் பிளொக்செயின் எப்படி வெளிப்படையாக்கும்?

பிளொக்செயின் என்பது பலரிடம் ஒரே நேரத்தில் இருக்கும் கணக்குப் புத்தகம். அதில் புதிதாக எழுதலாம். எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்ற முடியாது.

கல்லடியில் பத்துப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொப்பி ஒருவரிடம் மட்டும் இருந்தால், 1,000ஐ 7,000 ஆக்க ஒரு சிறு கோடு போதும். பத்துப் பேரும் ஆளுக்கொரு கொப்பி வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்தையும் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவந்தால்? ஓர் இலக்கம் மாறினாலும் பின்னால் வரும் பக்கங்கள் அத்தனையிலும் கணக்கு இடிக்கும். மற்ற ஒன்பது கொப்பிகளும் காட்டிக்கொடுத்துவிடும். கணினியில் அந்த மொத்தத்தின் இடத்தில், பக்கத்தில் உள்ளதிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு இருக்கிறது.

ஜோர்ஜியா நாடு காணிப் பதிவில் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. 2004 சுனாமியில் காணி உறுதியை அலைக்குப் பறிகொடுத்த மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மக்களுக்கு, ஆவணம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்தை நான் சொல்லத் தேவையில்லை. நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர் எந்த நாளில் சேர்ந்தது, எந்த நாளில் நீங்கியது என்பதையும் மக்கள் பார்க்க முடிய வேண்டும் என்பது என் ஆசை.

பிளொக்செயினில் ஏறியதெல்லாம் உண்மை என்று பலர் நினைப்பது தவறு: இல்லாத பயனாளியின் பெயரை முதல் நாளே எழுதிவிட்டால், அந்தப் பொய்யும் அழியாமல் அப்படியே இருக்கும்.