சின்னப் பெட்டியில் கேமிங் கணினி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முதல்முறையாக, கைக்கடக்கமான ஒரு கேமிங் கணினியை நானே அசெம்பிள் செய்யப் போகிறேன். எதை முதலில் வாங்குவது?

பதில்: கிராஃபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய்யுங்கள். கேபினட் அதற்குப் பிறகுதான். பெரிய கேபினட்டில் எதையும் எப்படியும் உட்கார வைத்துவிடலாம். சின்னதில் ஐந்து மில்லிமீட்டர் இடித்தாலும் மூடி மூடாது.

கார்டின் நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், தடிமனையும் உயரத்தையும் விட்டுவிடுகிறார்கள். கார்டின் தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள், ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ. ஆகவே இரண்டு ஸ்லாட் கார்டுக்குச் சுமார் 40, மூன்று ஸ்லாட் கார்டுக்குச் சுமார் 60 மி.மீ. வேண்டும். உயரம் இதைவிட முக்கியம், ஏனென்றால் பவர் கேபிள் பெரும்பாலும் கார்டின் மேல் விளிம்பில்தான் செருகப்படுகிறது. 16 பின் கனெக்டர் உள்ள கார்டானால், கனெக்டரிலிருந்து சுமார் 35 மி.மீ. வரை கேபிள் நேராகப் போக வேண்டும், அதன் பிறகே வளையலாம். பக்க மூடி கேபிளை அழுத்தினால் கனெக்டர் ஒரு பக்கமாகச் சாயும், உள்ளே தொடர்பு குறையும், அந்த இடம் சூடேறி உருகும். செருகியதும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளிகூடத் தெரியக் கூடாது.

கேபினட்டில் உங்களுக்கு மூன்று எண்கள் தேவை: கார்டுக்கான இடம், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம், எந்த அளவு பவர் சப்ளை. 7.2 லிட்டர் கொள்ளளவுள்ள டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் கேபினட்டில் கூலர் 48 மி.மீ.க்கு மேல் போக முடியாது. 10.4 லிட்டர் ஃபிராக்டல் டெர்ராவில் போர்டையும் கார்டையும் பிரிக்கும் நடுத் தகட்டை நகர்த்தலாம். ஆனால் கூலருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கார்டின் பங்கிலிருந்துதான் வரும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர். முதல் கணினிக்கு இந்த அளவையே சொல்வேன். கை உள்ளே போகும், தவறு செய்தால் பிரித்து மாட்ட முடியும்.

கேள்வி: எஸ்எஃப்எக்ஸ், எஸ்எஃப்எக்ஸ்-எல் என்ற சின்ன பவர் சப்ளை அளவுகள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை வாட் எடுக்கலாம்?

பதில்: 30 மி.மீ.தான் வித்தியாசம். எஸ்எஃப்எக்ஸ் 125 × 63.5 × 100, எஸ்எஃப்எக்ஸ்-எல் 125 × 63.5 × 130. கேபினட் இரண்டையும் ஏற்கும் என்று போட்டிருந்தாலும் குட்டையானதையே எடுங்கள். அந்த மூன்று சென்டிமீட்டரில்தான் உங்கள் கேபிள்கள் அனைத்தும் சுருண்டு கிடக்கப் போகின்றன.

உதாரணமாக, பிராசஸருக்கு 88 வாட், கார்டுக்கு 220, மற்றவைக்கு 50 என்று கூட்டினால் 360 வாட்டுக்குப் பக்கம் வரும். கார்டுகள் நொடியில் ஒரு துளி நேரம் இதைவிட அதிகமாக இழுக்கும் என்பதால் 600 அல்லது 650 வாட் சரியாக இருக்கும். பாதிச் சுமையில் ஓடும்போது அந்தச் சின்ன ஃபேன் சத்தமும் போடாது.

ஒரு எச்சரிக்கை. பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களைப் புதியதில் மாட்டவே மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும், ஆனால் பவர் சப்ளை பக்கத்து வயர் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். ஸ்விட்ச் போட்ட கணத்தில் எஸ்எஸ்டி கருகிவிடலாம்.

கேள்வி: இவ்வளவு சின்ன இடத்தில் சூடு தாங்குமா?

பதில்: தாங்கும். ஆனால் ஃபேனைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வாட்டைக் குறையுங்கள். ரைசன் பிராசஸர்களில் 65 வாட் என்று எழுதியிருந்தால் சாக்கெட் வழியே உண்மையில் 88 வாட் வரை போகும். 105 வாட் என்றால் 142. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடைப் போட்டால் பெரிய பிராசஸரும் 88 வாட்டுக்குள் அடங்கும், கேமில் வேகம் குறைவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கார்டிலும் பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். இழப்பது சில பிரேம்கள்தான், சூடும் சத்தமும் நன்றாகவே இறங்கும்.

கார்டின் ஃபேன்களுக்கும் பக்க மூடிக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஃபேன் காற்றை இழுக்கத் திணறி 'உஸ்ஸ்' என்று இரையும். மூடியைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் அதே கேமை ஓட்டுங்கள். வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி மூடிதான். மெல்லிய கார்டோ துளை அதிகமுள்ள மூடியோதான் தீர்வு.

கேள்வி: எந்த வரிசையில் மாட்டுவது?

பதில்: கேபினட்டைத் தொடாமல் மேஜையில் தொடங்குங்கள். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசஸர், ராம், எஸ்எஸ்டி, கூலர் எல்லாவற்றையும் மாட்டுங்கள். சின்ன கேபினட்டுக்கான மினி ஐடிஎக்ஸ் போர்டு வெறும் 170 × 170 மி.மீ. என்பதால் பலவற்றில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் முதுகுப் பக்கம் இருக்கும். அதை நிரப்ப மறந்தால் பின்னால் முழுவதையும் கழற்ற வேண்டும். கூலரின் அடியிலும் எஸ்எஸ்டி தகட்டின் பேடிலும் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் பவர் சப்ளையை இணைத்து, மானிட்டரை மதர்போர்டில் செருகி, மேஜையிலேயே ஒரு முறை ஆன் செய்யுங்கள். ஏஎம்5 (புதிய ரைசன்களுக்கான சாக்கெட்) போர்டுகளில் முதல்முறை ஆன் செய்யும்போது டிடிஆர்5 ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பழுது என்று பயந்து இடையில் ஆஃப் செய்யாதீர்கள்.

பிறகு கேபினட்: முதலில் பவர் சப்ளை, அடுத்து மதர்போர்டு. போர்டை ஸ்க்ரூ போட்டு முறுக்கும் முன்பே சிபியு பவர் கேபிளையும் முன்பக்க பட்டன் வயர்களையும் அதனதன் இடத்துக்கு இழுத்து வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த மூலைக்கு விரல் எட்டாது. காந்த முனையுள்ள நீளமான ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கடைசியாக.

கேள்வி: எல்லாம் சரியாக மாட்டினேன். கார்டை ரைசர் கேபிளில் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள்) போட்டால் மட்டும் திரையில் ஒன்றும் வரவில்லை.

பதில்: போர்டும் கார்டும் ஜென் 4 (பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை), நடுவில் உள்ள ரைசர் ஜென் 3 தரம் என்றால் இதுதான் நடக்கும். இரு முனைகளும் ஜென் 4 வேகத்தில் பேச ஒப்புக்கொள்ளும், கேபிளால் அதைத் தாங்க முடியாது. மானிட்டரை மதர்போர்டில் செருகி பயாஸுக்குள் போய், பிசிஐஇ ஸ்லாட் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து ஜென் 3க்கு மாற்றுங்கள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் போர்டை வெளியே எடுத்து, கார்டை நேரடியாகச் செருகி மாற்ற வேண்டும். சில சமயம் திரை வரும், கேம் நடுவே மட்டும் உறையும். அப்போதும் முதலில் இதையே செய்து பாருங்கள். 16 லேன் (தரவுப் பாதை) கார்டில் வேக இழப்பு மிகக் குறைவு.

கேள்வி: வாட்டர் கூலிங் போடலாமா?

பதில்: முதல் கணினிக்கு வேண்டாம். ட்யூப்கள் கேபிள் போகும் இடத்தை அடைத்துக்கொள்ளும். போட்டே ஆக வேண்டுமென்றால், கணினியை நிமிர்த்தி வைத்த நிலையில் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்பே உச்சியில் இருந்தால் காற்றுக்குமிழி அதில் தங்கி, கொரகொரவென்று சத்தம் போட்டுச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.