வாசகர் கேள்வி: முதல் மரதன்

நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓடுவேன். ஆறு மாதத்தில் மரதன் ஓடலாமா?
– வாசகர், கல்லடி

ஓடலாம். ஆனால் முதல் மாதம் தூரத்தைக் கூட்டவேண்டாம். அதே 5 கிலோமீற்றரை வாரத்துக்கு நான்கு நாள் ஓடுங்கள். மூச்சு கெதியாகப் பழகிவிடும், முன்னங்கால் எலும்பு பழகாது. புதிதாகத் தொடங்குவோர் இரண்டாம் மாதம் நொண்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்த மாதத்திலிருந்து மூன்று நாள் சிறு ஓட்டம், ஞாயிறு நெடுந்தூரம். ஞாயிற்றுக் கணக்கு 7, 9, 11 என ஏறி, நான்காம் வாரம் 8க்கு இறங்கட்டும். பிறகு 12, 14, 16, மறுபடி 12. அந்த இறக்க வாரத்தில்தான் கால் தேறும், அதை விழுங்கிவிடாதீர்கள். போகப்போக ஏற்றத்தைக் குறைத்து, போட்டிக்கு மூன்று வாரம் முன் 30ஐத் தொட்டால் போதும். 42.195ஐயும் ஒத்திகை பார்க்க ஆசை வரும். பார்த்தால் போட்டியன்று கால் இராது. கடைசி மூன்று வாரமும் நாட்களைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் படிப்படியாகப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

வேகத்துக்கு மணிக்கூடு வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடற்சூடும் இறங்காது. ஆகவே நெடுந்தூர நாளில் விடிய 4.30க்கே புறப்படுங்கள். கையில் ஒரு டோர்ச், வெளிர்நிறச் சட்டை. (நாய்களுக்கு ஓடுபவரைத்தான் பிடிக்காது, நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.)

கடற்கரையில் ஈரமணல் கடல்பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு முழங்காலின் வெளிப்பக்கம் நோகும். பாதித்தூரம் போய், வந்த வழியே திரும்புங்கள்.

18 கிலோமீற்றர் ஓடியபின் தலையிடி, ஓங்காளம். தண்ணீர் நிறையக் குடித்தேனே?
– வாசகி, காரைதீவு

அந்த 'நிறைய'தான் காரணமாகவும் இருக்கலாம். வியர்வையில் போவதைவிடக் கூடக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். ஓட முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 58 கிலோ 57.1 ஆகி, ஒரு மணி நேரத்தில் 300 மில்லிலீற்றர் குடித்திருந்தால், இழந்த வியர்வை சுமார் 1.2 லீற்றர். அதை முழுதாக ஈடுசெய்ய வேண்டாம், தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நிறை கூடியிருந்தால், மோதிரம் இறுகினால், குடித்தது அதிகம். பேச்சுத் தடுமாறினால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

ஒரு மணிக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு ஒரு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகலாம். அதையும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் காப்பாற்றாது. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் இன்னொரு வில்லங்கம்: வியர்வை உடனே காய்ந்துபோவதால் இழப்பது தெரியாது. அப்போது மறுபடி நிறுத்துப் பாருங்கள், பழைய கணக்கு பொருந்தாது.

பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.
– வாசகர், களுவாஞ்சிகுடி

சப்பாத்து சிறிது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் வேண்டும். கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில், ஓடும் மேசோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பருத்தி மேசு ஈரத்தைப் பிடித்துக் கொப்புளம் போடும்.