டிஸ்க் பிரச்னை இருந்தால் சுகப்பிரசவம் ஆகாதா?

கேள்வி: எனக்கு வயது 29. ஏழாம் மாதம். மூன்று வருடம் முன்பு எடுத்த ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது வலது பக்க இடுப்பு வலி தொடை வரை இறங்குகிறது. இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. சிசேரியன்தான் என்கிறார்கள் வீட்டில். முதுகில் ஊசி போட்டால் டிஸ்க் இன்னும் கெட்டுவிடாதா?

பதில்: பழைய ஸ்கேனை விட, 'தொடை வரை', 'புரண்டு படுக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். கர்ப்பகால ஹார்மோன்களால் இடுப்பெலும்பு மூட்டுகளின் தசைநார்கள் தளரும். வயிறும் முன்னால் இழுக்கும். அதனால் வரும் வலி பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். புரளும்போதும், ஒற்றைக் காலில் நின்று பாவாடை மாட்டும்போதும் சுரீர் என்று பிடிக்கும். டிஸ்க் நரம்பை அழுத்தினால் கதை வேறு. இருமினால், தும்மினால் ஷாக் அடித்தாற்போல கெண்டைக்கால், பாதம் வரை ஓடும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நான்கு அடி நடந்து பாருங்கள். கால் பெருவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டும் முடிகிறதா? சரி, இப்போதைக்கு உங்களுடையது மூட்டு வலி போலத்தான் தெரிகிறது. முடியவில்லை என்றால் நேரில் காட்டுங்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கலாம், அதில் கதிர்வீச்சு இல்லை. மருந்து ஏற்றி எடுக்கும் முறை மட்டும் வேண்டாம்.

ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். எழும்போது மல்லாந்தபடி எழாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இந்த ஒன்றிலேயே பாதி வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. இடுப்பு பெல்ட்டும் உதவும். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இந்த மாதங்களில் அது பனிக்குட நீரைக் குறைக்கும், குழந்தையின் இதய ரத்தக் குழாயையும் பாதிக்கும். வலி தாங்கவில்லை என்றால் உங்கள் டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் போடலாம்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அது நரம்புக் கொத்து நசுங்குவதாக இருக்கலாம், கர்ப்பம் என்றாலும் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். வலி விட்டுவிட்டு, இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் பிரசவ வலியாக இருக்கலாம். காய்ச்சலோ நீர்க்கடுப்போ சேர்ந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டிஸ்க் பிதுங்கியிருப்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. அப்படியே சிசேரியன் ஆனாலும் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, பின்பக்கமாகப் போடுவது அது. டிஸ்க் இருப்பதோ முன்பக்கம். வேண்டுமானால் அந்த இடத்தைத் தவிர்த்து ஒரு எலும்பு மேலேயோ கீழேயோகூடப் போடுவார்கள். எட்டாம் மாதமே பழைய ஸ்கேன் ஃபைலை எடுத்துப்போய் மயக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி வந்த பிறகு பீரோவைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.