நால்வருக்கு வாய்த்த கடைக்காரர்: பிரையன் எப்ஸ்டீன் கேள்வி பதில்

லிவர்பூல் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் மேலாளராக 1962 முதல் 1967 வரை இருந்த பிரையன் எப்ஸ்டீன் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: இசைத்தட்டு விற்றவருக்கு இசைக்குழு நடத்த என்ன தகுதி?

பதில்: தட்டு விற்றதுதான் தகுதி! லிவர்பூலில் குடும்பக் கடையின் இசைத்தட்டுப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. எது விற்கும் என்பது அவருக்குக் கைவந்த கணக்கு. 1961 நவம்பர் 9 அன்று மதியம் கேவர்ன் கிளப்பின் நிலவறைக்குப் படியிறங்கினார். மேடையில் நான்கு பையன்கள் தோல் சட்டை அணிந்து, தின்றபடியும் புகைத்தபடியும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எப்ஸ்டீனுக்கு அப்போது வயது 27.

கேள்வி: அந்தத் தோல் சட்டையைக் கழற்றிக் கோட்டு மாட்டிக் கெடுத்தவரும் அவர்தானே?

பதில்: கோட்டு மாட்டினார், பாடி முடித்ததும் நால்வரும் ஒன்றாகக் குனிந்து வணங்க வைத்தார். கெடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தோல் சட்டைக்குத் திறக்காத அரங்கக் கதவுகள் அன்று நிறைய இருந்தன. லண்டனில் நாடகப் பள்ளியில் சேர்ந்து பாதியில் விட்டவர் அவர். அந்தப் பாதிப் படிப்பு இதற்காவது உதவியது.

கேள்வி: முதல் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தே இல்லையாமே?

பதில்: உண்மை. 1962 ஜனவரியில் பையன்கள் போட்டார்கள், அவர் போடவில்லை. தான் கொடுத்த வாக்கே போதும் என்பது அவர் விளக்கம்.

கேள்வி: பணவிஷயத்தில் ஏமாளி என்கிறார்களே?

பதில்: இதற்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டெக்கா உட்படப் பல இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிரித்த பிறகு, இ.எம்.ஐ.யின் பார்லோபோன் பிரிவில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்றுக்கொண்டார். பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறுதட்டு ஒன்றுக்கு ஒரு பென்னி ராயல்டி. பவுண்டுக்கு 240 பென்னி இருந்த காலம் அது. ஆயிரம் தட்டு விற்றால் நான்கு பவுண்டுக்குச் சற்று மேல், அதிலும் மேலாளரின் பங்கு போக மீதி நால்வருக்கு. ஆனால் புதுக் குழுவுக்கு அன்று அவ்வளவுதான் கிடைக்கும்.

மன்னிக்க முடியாதது பொம்மை, விக், சட்டை வியாபாரம். குழுவின் பெயரை அமெரிக்காவில் பயன்படுத்தும் உரிமையை அவர் வழக்கறிஞர் வேறொரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர்களுக்கு 90 சதவீதம், நம் ஆட்களுக்கு 10. பின்னர் நம் ஆட்களின் பங்கை 46 ஆக உயர்த்திக்கொண்டார்கள். அதற்குள் வழக்குகள் கிளம்பி, கடைகள் பின்வாங்கின. முதல் திரைப்படத்திலோ, தயாரிப்பாளர்கள் 25 சதவீதம் வரை தரத் தயாராக வந்திருக்க, இவர் "ஏழரைக்குக் குறையக் கூடாது" என்று உறுதியாக நின்றாராம்!

அதே மனிதர்தான் 1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சிக்கு மூன்று தோற்றங்களுக்கும் சேர்த்து 10,000 டாலருக்கு ஒப்புக்கொண்டு, முதன்மைக் கலைஞர்கள் என்ற இடத்தை மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். பிப்ரவரி 9 அன்று பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடிப் பேர். காசை விட்டார், மேடையை விடவில்லை.

கேள்வி: மேலாளர் வேலையில் மிகக் கசப்பானது எது?

பதில்: மற்றவர்கள் சொல்லத் தயங்குவதைத் தான் சொல்வது. 1962 ஆகஸ்ட் 16 அன்று டிரம்மர் பீட் பெஸ்டைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து, "நீங்கள் இனிக் குழுவில் இல்லை" என்று சொன்னவர் எப்ஸ்டீன். முடிவெடுத்த மற்ற மூன்று உறுப்பினர்களும் அந்தப் பக்கமே வரவில்லை.

கேள்வி: அவர் மரணம் தற்கொலையா?

பதில்: விசாரணையில் விபத்து என்றே தீர்ப்பானது: தூக்க மாத்திரை அளவு மீறியது. 1967 ஆகஸ்ட் 27, லண்டன் வீட்டில். வயது 32. ஓரினச் சேர்க்கையாளரான அவர் வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்கும் மிரட்டல்காரர்களுக்கும் அஞ்சி வாழ்ந்தார். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. செய்தி வந்தபோது குழுவினர் வேல்ஸில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: அடுத்த மேலாளர் யார்?

பதில்: ஒன்றரை ஆண்டுக்கு எவரும் இல்லை. 1969இல் குழுவில் மூவர் ஆலன் கிளைனைக் கொண்டுவந்தார்கள், நான்காமவரான பால் மெக்கார்ட்னி மறுத்தார். 1970 டிசம்பர் 31 அன்று குழுவின் கூட்டைக் கலைக்கக் கோரிப் பால் நீதிமன்றம் போனார்.